நானோ துறையில் தரவு விஞ்ஞானி: வேலை இருக்கிறது, பெயர்ப்பலகைதான் வேறு

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். பைத்தான் ஓரளவு தெரியும். நானோ தொழில்நுட்பத்தில் டேட்டா சயின்டிஸ்ட் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் வேலைவாய்ப்புத் தளங்களில் தேடினால் அப்படி ஒரு வேலையே கண்ணில் படவில்லை. உண்மையிலேயே இப்படி ஒரு துறை இருக்கிறதா? இருந்தால் என்ன படிப்பது, எங்கிருந்து தொடங்குவது? பிஎச்.டி. கட்டாயமா?

பதில்: அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. ‘நானோ டேட்டா சயின்டிஸ்ட் தேவை’ என்று விளம்பரம் கொடுத்த நிறுவனத்தை நானும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சம்பளப் பட்டியலில் அவர்களுக்கு வேறு பெயர். சில்லுத் தொழிற்சாலையில் யீல்ட் இன்ஜினியர், புராசஸ் கன்ட்ரோல் இன்ஜினியர் என்பார்கள். சில்லுகளைச் சோதிக்கும் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களில் மெட்ராலஜி (அளவீட்டியல்) அல்காரிதம் இன்ஜினியர், இமேஜ் பிராசஸிங் இன்ஜினியர். ஆய்வுக்கூடங்களில் கம்ப்யூட்டேஷனல் மெட்டீரியல்ஸ் சயின்டிஸ்ட். மருந்து நிறுவனங்களில் ஃபார்முலேஷன் குழுவுக்குள் ஒளிந்திருப்பார்கள். இந்தப் பெயர்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள், நிலவரம் மாறும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து அளவுகளை எடுக்கும் மென்பொருள் வேலையில் இருப்பவன். அளவீட்டுப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்து பேசுவேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரக் கற்றலில்தான் முதலில் கை வைக்கிறார்கள். எந்த மாடல், எந்த நூலகம், எத்தனை அடுக்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. நானோ துறையில் மாடல் கடைசிக் கவலை. வங்கியிலோ இணைய வணிகத்திலோ தரவு தானாகக் குவிகிறது. ஒருவர் பொருளை வாங்கினார் என்றால் வாங்கினார். அதில் சந்தேகம் இல்லை. இங்கே தரவு அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு கருவியின் வழியாக வந்தது. அந்தக் கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரியாதவன் அந்த எண்ணை வைத்து எதையும் கணிக்க முடியாது.

ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு குப்பியில் தங்க நானோ துகள்கள் இருக்கின்றன. அவற்றின் அளவு என்ன? டி.இ.எம். எனப்படும் ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் துகளின் உலோகப் பகுதி மட்டும் கறுப்பாகத் தெரியும். மேலே ஒட்டியிருக்கும் கரிமப் போர்வை ஏறக்குறைய தெரியாது. அதுவும் கம்பிவலையில் காய்ந்து ஒட்டிய சில நூறு துகள்களைத்தான் எண்ணியிருப்பீர்கள். அதே குப்பியை டி.எல்.எஸ். எனப்படும் ஒளிச்சிதறல் கருவியில் வைத்தால், அது துகளோடு சேர்ந்து நகரும் போர்வையையும் நீர் அடுக்கையும் சேர்த்து அளக்கும். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் ஷெரர் சமன்பாட்டைப் போட்டால் கிடைப்பது துகளின் அளவே அல்ல, படிகத்தின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருந்தால் அந்த எண் சிறியதாக வரும். மூன்று கருவி, மூன்று விடை. மூன்றுமே சரி.

ஒளிச்சிதறல் கருவியின் குணத்தை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் மிகச் சிறியதாக இருக்கும்போது, அது சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 நானோமீட்டர் துகளோடு ஒப்பிட்டால் 50 நானோமீட்டர் துகள் 5-இன் ஆறாம் அடுக்கு, அதாவது 15,625 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். ஆயிரம் சிறிய துகள்களுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய துகள் கிடந்தால் போதும், மற்ற ஆயிரமும் சேர்ந்து தருவதைப்போல் சுமார் 15 மடங்கு ஒளி அந்த ஒன்றிலிருந்து வரும். ஆயிரம் பேர் மெல்லப் பேசிக்கொண்டிருக்கும் மண்டபத்தில் ஒருவர் தவில் வாசிப்பதைப் போன்றது இது. இப்போது யோசியுங்கள்: பல ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து ‘துகள் அளவு’ என்ற அட்டவணைப் பத்தியைத் திரட்டி, டி.இ.எம். எண்ணையும் டி.எல்.எஸ். எண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரு மாடலைப் பயிற்றினால் என்ன கிடைக்கும்? எந்தக் கட்டுரை எந்தக் கருவியைப் பயன்படுத்தியது என்பதை மாடல் அழகாகக் கற்றுக்கொள்ளும். துகளைப் பற்றி ஒன்றும் கற்றிருக்காது.

அட்டவணையில் இல்லாத பத்தியே விடையாக இருப்பதும் உண்டு. தங்க நானோ கம்பிகளைத் தயாரிக்க சி.டி.ஏ.பி. என்ற சோப்பு வகை வேதிப்பொருளைப் பயன்படுத்துவார்கள். ஒரே செய்முறை, ஒரே வெப்பநிலை. ஒரு கூடத்தில் நீண்ட கம்பிகள் வரும், இன்னொரு கூடத்தில் வெறும் உருண்டைகள் வரும். பல ஆண்டுகள் குழம்பிய பிறகு, 2008, 2009-ஆம் ஆண்டுகளில் காரணம் பிடிபட்டது. சில விற்பனையாளர்களின் சி.டி.ஏ.பி.யில் மிகச் சிறிய அளவில் அயோடைடு கலந்திருந்தது. அது தங்கத்தின் ஒரு முகத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியின் போக்கையே மாற்றிவிட்டது. வேதிப்பொருளைக் குப்பியிலிருந்து எடுத்தவர் லேபிளில் இருந்த லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் தயாரானது என்று சொல்லும் எண்ணை) நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தால், அந்த ஒரு பத்தியிலேயே தடயம் தெரிந்திருக்கும். எழுதாவிட்டால் எந்த நியூரல் நெட்வொர்க்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நானோ துறைத் தரவு விஞ்ஞானியின் வேலையில் ஒரு பெரிய பங்கு, பரிசோதனை செய்பவரின் மேசைக்குப் போய், “லாட் எண்ணையும் எழுதுங்கள், தோற்றுப்போன முயற்சியையும் எழுதுங்கள்” என்று கெஞ்சுவதுதான். பாடத்திட்டத்தில் இது இருக்காது.

தோற்றுப்போன முயற்சிகளைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் ஹேவர்ஃபோர்டு கல்லூரி வேதியியலாளர்கள் தங்கள் கூடத்தின் பழைய நோட்டுப் புத்தகங்களில் கிடந்த, எங்கும் வெளியிடப்படாத தோல்விகளையும் கணினியில் ஏற்றி ஒரு மாடலைப் பயிற்றினார்கள். 2016-இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையின்படி, புதிய வேதிச் சேர்மங்கள் உருவாகும் நிலைமைகளை அது 89 சதவீதம் சரியாகக் கணித்தது. அனுபவசாலிகளின் ஊகத்தைவிட அது மேல். பெரிய கல்லூரிகூட அல்ல. இளநிலை மாணவர்கள் படிக்கும் சிறிய கல்லூரி. உங்கள் துறையின் அலமாரியிலும் அப்படிப்பட்ட நோட்டுகள் தூசியோடு கிடக்கும்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது சில்லுத் தொழிற்சாலை. ஆய்வுக்கூடத்தில் அறுபது வரிசைத் தரவு இருந்தாலே செல்வம். இங்கே தரவு வெள்ளம். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வேஃபர், அதாவது சில்லுகளைச் செதுக்கும் சிலிக்கான் வட்டத்தகடு, பல நூறு படிகளைக் கடந்து முடிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை, அழுத்தம், வாயு ஓட்டம் என்று உணரிகள் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். நல்ல சில்லுகள் எத்தனை தேறுகின்றன என்பதுதான் யீல்ட். அதில் ஒரு சதவீதம் கூடினாலும் பணம் பெரிது. அதனால்தான் இந்தத் துறையில் நிலையான வேலைகள் அதிகம் கிடைப்பது இங்கே. (விளம்பரத்தில் வரும் ‘3 நானோமீட்டர்’ ஒரு தலைமுறைப் பெயர் மட்டுமே. அந்தச் சில்லில் அடுத்தடுத்த டிரான்சிஸ்டர் கேட்களுக்கு இடையேயான தூரம் 40 நானோமீட்டருக்கும் மேல். நேர்காணலில் இதைத் தெரியாமல் பேசினால் எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.)

தொழிற்சாலைத் தரவு எப்படி இருக்கும் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். டபிள்யூ.எம்.-811கே என்ற பொதுத் தொகுப்பில் உண்மையான உற்பத்தியிலிருந்து வந்த 8,11,457 வேஃபர் வரைபடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வரைபடமும், வேஃபரில் எந்தச் சில்லு தேறியது, எது தேறவில்லை என்பதைக் காட்டும். பழுதுகள் நடுவில் குவிந்தால் ஒரு காரணம், விளிம்பில் வளையமாக வந்தால் வேறு காரணம், கீறலாக வந்தால் எங்கோ ஓர் இயந்திரக் கை உரசுகிறது. இந்த எட்டு லட்சத்தில் நிபுணர்கள் பெயரிட்டவை 1,72,950 மட்டுமே. அதிலும் 1,47,431 வரைபடங்களுக்குக் கிடைத்த பெயர் ‘வடிவம் எதுவும் இல்லை’. கணக்குப் போடுங்கள்: எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘வடிவம் இல்லை’ என்று சொல்லும் மாடலுக்கே 85 சதவீதத் துல்லியம் வந்துவிடும். விண்ணப்பங்களில் இந்தத் தொகுப்பை வைத்து ‘92 சதவீதம் துல்லியம்’ என்று எழுதிவருகிறவர்களைப் பார்க்கிறோம். அதன் பொருள் என்ன என்று கேட்டதும் பாதிப் பேருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. கீறலை எத்தனை தடவை தவறவிட்டது, இல்லாத கீறலுக்காக எத்தனை தடவை கத்தியது என்று வகைவாரியாகச் சொல்லத் தெரிந்தவர் தனியாகத் தெரிவார். செகோம் என்று இன்னொரு சிறிய தொகுப்பு உண்டு: 1,567 வரிசை, ஏறக்குறைய 590 உணரிப் பத்தி, தோல்விகள் வெறும் 104. வரிசை குறைவு, பத்தி அதிகம், காலியிடங்கள் ஏராளம். எரிச்சலூட்டும் தொகுப்பு, ஆனால் வேலையின் உண்மையான முகம் அதுதான்.

என் பக்கமான படங்களுக்கு வருகிறேன். எஸ்.இ.எம். என்ற, மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், சில்லில் பொறித்த ஒரு கோட்டைப் பார்த்தால் அதன் இரு ஓரங்களும் பளீரென்று தெரியும். ஓரத்தில் எலக்ட்ரான்கள் எளிதாகத் தப்பித்து வெளியே வருவதுதான் காரணம். அந்தப் பளபளப்பில் கோடு எங்கே தொடங்குகிறது? அதன் உச்சியிலா, பாதி உயரத்திலா, அடியிலா? 20 நானோமீட்டர் அகலக் கோட்டில் இந்த முடிவு மட்டுமே ஒன்றிரண்டு நானோமீட்டரை மாற்றிவிடும். இன்னும் ஒரு தொல்லை: சில ஒளியுணர் பூச்சுகள் எலக்ட்ரான் கற்றை பட்டதும் சுருங்கும். அளக்க அளக்க அளவு குறையும். இதே இடத்தை இரண்டாவது முறை அளந்தபோது மதிப்பு இறங்கியிருந்தால், உற்பத்தி மாறியது என்று ஓலமிடாமல், முதல் அளவீட்டின் விளைவா என்று கேட்பவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். நேர்காணலில் நான் விரும்பிக் கேட்பது இப்படித்தான்: ஒரு படத்தைக் காட்டி, “இதிலுள்ள துகளின் விட்டம் என்ன?” என்பேன். உடனே நிரலைத் திறப்பவர்கள் ஒரு வகை. அளவுக்கோடு எங்கே, எத்தனை கிலோவோல்ட்டில் எடுத்தது, கீழே வெட்டி எறியப்பட்ட தகவல் பட்டை கிடைக்குமா என்று முதலில் கேட்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பது எளிது.

தரவின் அளவும் கையை மீறும். நான்கு பரிமாண ஸ்டெம் என்ற நுண்ணோக்கி முறையில் எலக்ட்ரான் கற்றை நிற்கும் ஒவ்வொரு புள்ளியிலும் முழு விளிம்பு விலகல் படம் ஒன்று பதிவாகும். 256-க்கு 256 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் 256-க்கு 256 பிக்சல் படம், பிக்சலுக்கு இரண்டு பைட் என்று வைத்தால் ஒரே ஸ்கேன் 8.6 ஜிகாபைட். இது சிறிய ஸ்கேன். போதாக்குறைக்கு ஒவ்வொரு நுண்ணோக்கி நிறுவனமும் தனக்கென்று ஒரு கோப்பு வடிவம் வைத்திருக்கும். ஹைப்பர்ஸ்பை, பை4டிஸ்டெம் என்ற பைத்தான் நூலகங்களோடு பழகிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம்.

கணினியிலேயே பிறக்கும் தரவு ஒரு தனி உலகம். குவாண்டம் இயற்பியலின் அடிப்படையில் ஒரு பொருளின் பண்புகளைக் கணக்கிடும் முறைகள் வந்த பிறகு, லட்சக்கணக்கான பொருள்களுக்குக் கணக்கிட்டு ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள். 2011-இல் அமெரிக்கா மெட்டீரியல்ஸ் ஜீனோம் முயற்சியை அறிவித்தது. அதே ஆண்டு பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்டின் பெர்சன் தலைமையில் மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் என்ற திறந்த தரவுத்தளம் தொடங்கியது. பதிவுசெய்தால் போதும், பைமேட்ஜென் நூலகம் வழியாக உங்கள் அறையிலிருந்தே தரவை எடுக்கலாம். ஒற்றை அணு அடுக்குத் தகடுகளில் ஆர்வம் என்றால் டென்மார்க்கின் சி2டிபி தரவுத்தளம் இருக்கிறது.

இங்கேதான் தலைப்புச் செய்திகளும் வருகின்றன. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட், நோம் என்ற மாடல் 22 லட்சம் புதிய படிகங்களைக் கணித்ததாகவும், அவற்றில் சுமார் 3.8 லட்சம் நிலையானவை என்றும் அறிவித்தது. அதே சமயத்தில் பெர்க்லியின் ஏ-லேப் என்ற தானியங்கிக் கூடம் 17 நாள்களில் 58 இலக்குகளில் 41 பொருள்களைத் தயாரித்ததாகச் சொன்னது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ராபர்ட் பால்கிரேவ், லெஸ்லி ஸ்கூப் உள்ளிட்ட வேதியியலாளர்கள் எக்ஸ்-கதிர் தரவை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட புதிய பொருள் என்று இயந்திரம் கருதிய பலவும், அணுக்கள் கலைந்து கிடக்கும், ஏற்கெனவே தெரிந்த பொருள்கள்தாம் என்பது அவர்கள் வாதம்; புதிய பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றே எழுதினார்கள். நான் அந்த விமர்சகர்கள் பக்கம். ஆனால் ஏ-லேப் வீண் என்று சொல்லமாட்டேன். மனிதக் கை படாமல் தூளைக் கலந்து, சுட்டு, அளந்து முடித்ததே பெரிய வேலை. பிசகியது கடைசிப் படியில், விளிம்பு விலகல் படத்தைப் படித்த இடத்தில். உங்களைப் போன்ற ஓர் இயற்பியல் முதுகலை மாணவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது: அந்தப் படத்தைச் சந்தேகத்தோடு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் பல காலம் வேலை இருக்கிறது.

மருந்துத் துறையைப் பற்றி எனக்கு நேரடிப் பழக்கம் குறைவு. ஒரு குறிப்பு மட்டும். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளைச் சுமந்த கொழுப்பு நானோ துகளில் நான்கு வகைக் கொழுப்புகள் உண்டு. இதே வகைத் துகளைப் பயன்படுத்தும், 2018-இல் ஒப்புதல் பெற்ற ஆன்பேட்ரோ மருந்தில் அவற்றின் மோல் விகிதம் 50:10:38.5:1.5. கூட்டினால் நூறு. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். ஆகவே நான்கு பத்திகளையும் தனித்தனி மாறிகளாகப் பாவித்து மாடலில் போடுவது பிழை. கலவைக்கான சோதனை வடிவமைப்பு என்று புள்ளியியலில் தனி அத்தியாயமே இருக்கிறது. பலரும் படிக்காமல் தாண்டும் அத்தியாயம்.

இனி, என்ன படிப்பது. பைத்தான், நம்பை, பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன் எல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உங்கள் நேரத்தைப் புள்ளியியலில் போடுங்கள். பிழைப் பரவல், மீண்டும் அளந்தால் அதே மதிப்பு வருகிறதா என்ற சோதனை, சோதனை வடிவமைப்பு ஆகியவைதான் அன்றாடம் உதவும். அறுபது வரிசைத் தரவுக்கு ஆழக் கற்றல் எதற்கு? காசியன் புராசஸ் மாடலைக் கற்றுக்கொள்ளுங்கள். தன் கணிப்போடு, ‘இந்த இடத்தில் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை’ என்பதையும் சேர்த்துச் சொல்லும் மாடல் அது. அதன்மேல் கட்டிய பேய்சியன் ஆப்டிமைசேஷன், அடுத்த பரிசோதனையை எங்கே செய்தால் அதிகம் தெரியவரும் என்று வழிகாட்டும். ஒரு பரிசோதனைக்கு ஒரு நாளும் சில ஆயிரம் ரூபாயும் ஆகும் கூடத்தில் இதன் மதிப்பு உடனே புரியும்.

படங்களில் வேலை செய்வதானால், துகளைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்டும் யூ-நெட் வகை மாடல்களும் படங்களை அளக்கும் ஃபிஜி மென்பொருளும் போதும். ஆனால் ஒரு பொறியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐந்து மாதிரிகளிலிருந்து எடுத்த ஐந்நூறு படங்களைக் குலுக்கிப் போட்டு, எண்பது சதவீதம் பயிற்சிக்கு, இருபது சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், ஒரே மாதிரியின் படங்கள் இரண்டு பக்கமும் போய்விடும். மாடல் அந்த மாதிரியின் பின்னணிச் சாயலை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கும். ஆறாவது மாதிரி வந்ததும் விழித்துக்கொண்டு நிற்கும். படங்களைப் பிரிக்காதீர்கள், மாதிரிகளைப் பிரியுங்கள். சைக்கிட்-லேர்னில் குரூப்கேஃபோல்டு என்று இதற்கென்றே ஒரு வசதி உண்டு. வெளியான கட்டுரைகளிலேயே இந்தப் பிழை தாராளமாக இருக்கிறது; விமர்சனக் கண்ணோடு படித்தால் உங்களுக்கே தெரியும்.

செய்முறைக்கு, துகள் அளவைப் பற்றி முன்னால் சொன்ன மூன்று கருவிகளில் ஒன்றையாவது சொந்தக் கையால் இயக்கிப் பாருங்கள். கல்லூரியில் இல்லாவிட்டால் ஐ.என்.யு.பி. என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் நானோ அறிவியல் மையமும் சில ஐ.ஐ.டி.களும் வெளி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தூய்மை அறைகளில் பயிற்சி தருகின்றன. ஆசிரியர் வழியாக விண்ணப்பிப்பது நல்லது. சில நாள் பயிற்சிதான். ஆனால் முழு அங்கி அணிந்து தூய்மை அறைக்குள் நின்று, ஒரு வேஃபரை இடுக்கியால் எடுத்துப் பார்த்த பிறகு ‘தூசி’ என்ற பத்தியை நீங்கள் வேறு மாதிரி படிப்பீர்கள்.

இடங்களைப் பற்றி. இந்தியாவின் நானோ மிஷன் 2007-இல் தொடங்கியது. அதன் பயனாக மொகாலியில் ஐ.என்.எஸ்.டி. போன்ற நிறுவனங்கள் எழுந்தன, பல பல்கலைக்கழகங்களில் கருவிகளும் வந்து சேர்ந்தன. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு மையம், சென்னை ஐ.ஐ.டி., காரைக்குடி சிக்ரி என்று ஆய்வுக்கான இடங்கள் பக்கத்திலேயே உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் குழு நானோ பொருள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கிய வேலை கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது. நானோ என்றாலே சில்லு என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். தொழில் பக்கம், வேஃபர் சோதனைக் கருவிகளைத் தயாரிக்கும் கே.எல்.ஏ. சென்னையில் இருக்கிறது, அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச் பெங்களூரில். 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்ட செமிகண்டக்டர் திட்டத்துக்குப் பிறகு, குஜராத்தில் சானந்தும் தொலேராவும் பட்டியலில் சேர்ந்தன. அரசு அறிவிப்புகளைப் படித்து நாளைக்கே லட்சம் வேலை என்று நம்பிவிட வேண்டாம். ஆலை எழும்பி, வேஃபர் ஓடி, தரவு வர ஆண்டுகள் ஆகும். கருவி நிறுவனங்களின் மென்பொருள் பிரிவுகள்தாம் இன்றைக்கு உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு.

பிஎச்.டி. கேள்விக்கு நேர்விடை: புதிய பொருள்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்கும் ஆய்வுக்கூட வேலைக்கும் நடைமுறையில் கட்டாயம். கருவி நிறுவனங்களுக்கும் தொழிற்சாலைக்கும் கட்டாயமில்லை, எம்.டெக். இருந்தால் வசதி. கேட் தேர்வில் 2024 முதல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனித்தாள் வந்திருக்கிறது. ஆனால் இயற்பியல் தாளை எழுதிப் பொருளறிவியலுக்கோ நானோ அறிவியலுக்கோ போய், அங்கே தரவு வேலையை ஆய்வேடாகச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். தரவு அறிவியலைப் பின்னால் இணையத்தில் கற்றுக்கொள்ளலாம். என்.பி.டி.இ.எல். இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. நுண்ணோக்கியை இணையத்தில் கற்க முடியாது. பிஎச்.டி. செய்வதானால் வழிகாட்டி பரிசோதனைக்காரராக இருக்கட்டும், இணை வழிகாட்டி கணினிக்காரராக இருக்கட்டும். தலைகீழாக அமைந்தால், பிறர் தரும் தரவுக்காகக் காத்திருந்தே மூன்றாண்டு போகும்.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கச் சம்பளம் பொதுவாக வங்கி, இணைய வணிக நிறுவனங்களின் தரவு வேலைகளைவிடக் குறைவு. நகரங்கள் குறைவு, நிறுவனங்கள் குறைவு. ஓர் இடம் ஒத்துவராவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்காது. தொழிற்சாலைத் தரவு இரகசியம் என்பதால் ஐந்தாண்டு செய்த வேலையில் ஒரு படத்தைக்கூட வெளியே காட்ட முடியாது. வீட்டில், “என்ன வேலை பார்க்கிறாய்?” என்று கேட்டால் விளக்கவும் முடியாது. இதெல்லாம் பரவாயில்லை என்றால் வாருங்கள். ஒரு கோட்டின் ஓரம் எங்கே என்று மூன்று நாள் சண்டை போடுவது சிலருக்கு இன்பம், பலருக்கு நரகம். நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தெரிந்துகொள்ள ஒரு வழி. உங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராயும் அக்காவோ அண்ணனோ ஒருவரிடம் நுண்ணோக்கிப் படங்கள் கிடக்கும். அவர் துகள்களைக் கையால் கோடு போட்டு அளந்துகொண்டிருப்பார். அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி, அளக்கும் நிரல் ஒன்றை எழுதுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்களை எப்படிப் பிரித்தீர்கள், படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டவற்றை என்ன செய்தீர்கள், இரண்டு பேர் கையால் அளந்தபோது அவர்களுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு வந்தது, உங்கள் நிரல் அந்த வேறுபாட்டுக்குள் நிற்கிறதா என்று இரண்டு பக்கத்தில் எழுதிவையுங்கள். ஆன்லைன் சான்றிதழ்கள் பத்தைவிட இந்த இரண்டு பக்கம் கனமானது. பேராசிரியருக்கோ நிறுவனத்துக்கோ எழுதும் மின்னஞ்சலில் ‘இயந்திரக் கற்றலில் மிகுந்த ஆர்வம் உண்டு’ என்ற வரியை எடுத்துவிட்டு, இதை இணையுங்கள். தலைப்பில் எந்தக் கருவி, என்ன பொருள், பிழை எத்தனை நானோமீட்டர் என்பது தெரியட்டும்.